சானமாவு ஜோடித் தந்தம்

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். எனக்கு வருத்தமில்லை. என் மனைவி அற்புதமேரியே முதல் தடவை கேட்டபோது சிரித்தாள். பிறகு என் வலது கையைத் தொட்டுப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை. நான் கதை கட்டுகிறவன் இல்லை, மரவேலை செய்கிறவன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மணி உட்பட எல்லாம் நினைவிருக்கிறது. கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கைக்கடிகாரம் அன்றைக்கு என் கையில் இருந்தது.

1968-ஆம் வருடம், நவம்பர் 14, வியாழக்கிழமை. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பெயர் யேசுராஜ். ஓசூரில் சின்னதாக ஒரு தச்சுப் பட்டறை வைத்திருந்தேன். மதியம் ஒரு ஜீப் வந்து பட்டறை வாசலில் நின்றது. இறங்கியவர் கோவிந்தப்பன். சானமாவுக் காட்டை ஒட்டி ஏகப்பட்ட நிலம் வைத்திருந்தவர். ஊரில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது.

"யானைத் தந்தத்துக்கு ஸ்டாண்டு பண்ணுவியாமே?" என்றார்.

பண்ணியிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் மத்திகிரியில் ஒரு பெரிய மனிதர் வீட்டுக்கு. தந்தத்தின் அடிப்பக்கம் குழாய் மாதிரி உள்ளே கூடாக இருக்கும். மூன்றில் ஒரு பங்கு வெறும் கூடுதான். ஈட்டி மரத்தில் பீடம் செய்து, அதில் ஒரு முளையை நிறுத்தி, அந்தக் கூட்டுக்குள் இறுக்கமாகச் செருக வேண்டும். தந்தம் அதன்மேல் நிமிர்ந்து நிற்கும்.

"நாளைக்கு என் பொண்ணப் பாக்க வர்றாங்க. கூடத்துல வாசப்படிக்கு ரெண்டு பக்கமும் நிக்கணும். இன்னிக்கே முடிச்சாகணும்."

"எங்கீங்க வாங்கினீங்க?"

"ஏலத்துல," என்றார். என்னைப் பார்க்காமல், ஜீப்பின் டயரைப் பார்த்துச் சொன்னார்.

மாலை 4.20-க்கு அவர் வீட்டில் இறங்கினோம். ராகி அறுக்கும் சமயம். வயலுக்கு நடுவே தனி ஓட்டு வீடு. பின்னால் அரை மைலில் காடு. என்னைக் கூடத்தில் விட்டுவிட்டு, கிருஷ்ணகிரியில் மாப்பிள்ளை வீட்டாரோடு தங்கிக் காலையில் அவர்களை அழைத்து வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். வீட்டில் இருந்தது அவருடைய மனைவி சரோஜம்மாள் மட்டும். ஐம்பது வயது இருக்கும். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், பெண் எங்கே என்று கேட்டேன்.

"ருக்மணி பேரிகை ஊருல சித்தி வீட்டுல இருக்கறா. இங்க தூங்க மாட்டேங்கறா," என்றார் அந்தம்மா. ஏன் என்று சொல்லவில்லை. கூடத்து நிலைப்படிக்கு வெளியே நின்றுதான் பேசினார். உள்ளே கால் வைக்கவில்லை.

இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. வீட்டை ஒட்டி நல்ல மாட்டுக் கொட்டகை இருந்தது. காலி. மாடுகளையெல்லாம் வயலின் அந்தக் கோடியில் திறந்த வெளியில் கட்டியிருந்தார்கள். தூறல் போட ஆரம்பித்திருந்தது. மாடுகள் நனைந்துகொண்டு நின்றன. பண்ணையாள் சென்றாயனும் அவற்றோடு கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்தான்.

கூடத்தில் கோணி விரித்து இரண்டு தந்தத்தையும் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றும் நாலரை அடிக்குக் குறையாது. வளைவை வைத்து எது இடது, எது வலது என்று சுலபமாகத் தெரிந்தது. வெண்ணெய் நிறம். எந்தப் பணக்காரன் பார்த்தாலும் ஆசைப்படுவான். ஆனால் அடிப்பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலாயிற்று. மத்திகிரியில் நான் பார்த்தது தானாகச் செத்த யானையுடையது. வேர்ப்பக்கம் முட்டை ஓடு மாதிரி மெலிந்து, முழுசாக இருந்தது. இதில் கோடாலி வெட்டுகள். ஓரத்தில் மண்டை எலும்புத் துண்டு இன்னும் ஒட்டியிருந்தது. எலும்பின் பொடித் துளைகளில் கறுப்பாக ஏதோ காய்ந்து கிடந்தது.

நமக்கென்ன, வந்த வேலையைப் பார்ப்போம் என்று உளியை எடுத்தேன்.

5.30-க்கு அந்தம்மா காபி கொண்டுவந்து நிலைப்படியில் வைத்தார். "வெளிச்சம் இருக்கறப்பவே முடிச்சிடு தம்பி," என்றார். நான் எழுந்து போய் வாசலில் நின்று குடித்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது தந்தங்களின் நுனி காட்டுப்பக்கச் சுவரை நோக்கி இருந்தது.

நான் அவற்றை வாசலைப் பார்க்கக் கிடத்தியிருந்தேன். அப்படித்தான் நினைவு. ஒருவேளை மறந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

6.40. முளையின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். உள்ளே கூடு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க, வலது தந்தத்துக்குள் கையை விட்டேன். மணிக்கட்டு போயிற்று. முழங்கை வரை போயிற்று. முதலில் சில்லென்று இருந்தது.

பிறகு சில்லென்று இல்லை.

மாட்டின் வாய்க்குள் கை விட்டிருக்கிறீர்களா? அந்தச் சூடு. அந்த ஈரம். விரல் நுனியில் மெத்தென்று ஏதோ பட்டது. அது... துடித்தது.

கையை வெடுக்கென்று உருவினேன். பார்த்தேன். கை காய்ந்துதான் இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. விளக்கைச் சாய்த்து உள்ளே பார்த்தேன். வெறும் கூடு. தூசி. ஒரு சிலந்தி நூல்கூட அறுபடாமல் இருந்தது.

என் கை போய்வந்த வழியில், அறுபடாத நூல்.

நிமிர்ந்தால் சரோஜம்மாள் நிலைப்படிக்கு அப்பால் நிற்கிறார். கையில் பெட்ரோமாக்ஸ். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"உள்ள கை விட்டியா?"

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"சூடா இருந்துச்சா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்தம்மா விளக்கை நிலைப்படியில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

"வந்து இருபத்திமூணு நாளாச்சு. எம் பொண்ணுக்குத் தெரிஞ்சுது. எனக்குத் தெரிஞ்சுது. மாட்டுக்குக்கூடத் தெரிஞ்சுது. அவருக்கு மட்டும் தெரியல. தொட்டுப் பாருங்கன்னா, கல்லு மாதிரி இருக்குதுங்கறாரு."

"என்னம்மா இது?"

"தெரியல. எட்டு மணிக்கு மேல ஒண்ணு வரும். தேடும். போயிடும். நீ அதுக்குள்ள முடிச்சுட்டுப் போயிடு."

போயிருக்கலாம். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. ஓசூர் ரோடு இரண்டு மைல். அதோடு, ஒரு பெண்பிள்ளை தனியாக இருக்கும் வீட்டில் பயந்து ஓடினான் என்று பெயர் வாங்க எனக்கு மனமில்லை. ஜெபம் சொல்லிக்கொண்டே இழைத்தேன். முளை செதுக்கி முடித்து, வலது தந்தத்தில் செருகி, கொட்டாப்புளியால் நான்கு தட்டுத் தட்டினேன். கல் மாதிரி உட்கார்ந்துவிட்டது. கூடம் முழுக்க இழைப்புச் சுருள்.

8.05.

முதலில் நாற்றம். மழையில் நனைந்த சாணமும் பச்சைப் புல்லும் கலந்த நாற்றம். அதற்குள் இன்னொன்று, அழுகின புண்ணின் நாற்றம். வெளியே யானை வந்துவிட்டது என்று நினைத்தேன். ராகிக் காலத்தில் வருவதுதான்.

"யானைம்மா," என்றேன் மெதுவாக.

"யானை வந்தா வயல் பரண்ல காவல் இருக்கறவங்க தகரம் தட்டுவாங்க. யாராச்சும் தட்டறாங்களா பாரு."

காது கொடுத்துக் கேட்டேன். மழைச் சத்தம் மட்டும்தான்.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். இழைப்புச் சுருள்கள் நகர்ந்தன. காற்று இல்லை. வாசல் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. சுருள்கள் ஒரு முழ தூரம் ஒரு பக்கமாகப் போயின. நின்றன. திரும்பி வந்தன. மறுபடி போயின. திரும்பி வந்தன.

யாரோ தரையோடு தரையாக மூச்சு விடுகிற மாதிரி.

சர்ர்ர்... புஸ்ஸ்ஸ்... சர்ர்ர்... புஸ்ஸ்ஸ்...

அந்த மூச்சு கூடத்துக்குள் நடந்தது. நான் கண்ணால் பார்த்தேன். சுருள்கள் ஓரிடத்தில் நசுங்கின. முறம் அகலத்துக்கு வட்டமாக. அப்புறம் அதற்கு முன்னால் இன்னொரு வட்டம். அப்புறம் இன்னொன்று. சத்தமே இல்லை.

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

என் தலைமயிர் கலைந்தது. ஈரமான, சொரசொரப்பான ஒன்று என் நெற்றியைத் தொட்டது. கழுத்துக்கு வந்தது. தோளுக்கு வந்தது. வலது கையில் இறங்கியது. முழங்கையில் நின்றது. கையை மோந்து பார்த்தது.

மெதுவாக. ரொம்ப நேரம்.

பிறகு விட்டுவிட்டது.

பொளக்.

நான் அடித்து இறுக்கின முளை தரையில் உருண்டது. பெட்ரோமாக்ஸ் கண்ணாடி கிணுகிணுவென்று அதிர்ந்தது. சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. பிளிறல் இல்லை. முனகல்.

"தம்பி." சரோஜம்மாள் எழுந்து நின்றார். குரல் நடுங்கவில்லை. "இத வெளிய வெச்சுரலாம். எத்தன பேருகிட்டயோ கேட்டுட்டேன், ஒருத்தரும் தொட மாட்டேங்கறாங்க. என் ஒருத்தியால தூக்க முடியல. ஒரு கை புடி."

"உங்க வீட்டுக்காரரு..."

"அவரு கேட்டா நான் சொல்லிக்கறேன். எம் பொண்ணு நாளைக்கு இந்த வீட்டுக்குள்ள வரணும். புடி."

முதல் தடவையாக அந்தம்மா நிலைப்படியைத் தாண்டினார். நசுங்கின வட்டங்களுக்கு நடுவே நடந்து வந்தார். நான் அடியைப் பிடித்தேன். அவர் நுனியைப் பிடித்தார். வலது தந்தம். கனமாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கினேன். எங்களோடு சேர்ந்து வேறு யாரோ தூக்குகிற மாதிரி இருந்தது.

8.45. மழை. வாசலைத் தாண்டி, ராகி வயலின் ஓரத்தில் சேற்றில் வைத்தோம்.

இரண்டடி பின்னால் வந்தோம்.

தந்தம் அசைந்தது.

தானாக ஒரு புரட்டு புரண்டது. நின்றது. மறுபக்கம் புரண்டது. குழந்தையைத் திருப்பித் திருப்பி, எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று பார்ப்பார்களே... அந்த மாதிரி.

நான் ஓடினேன்.

உண்மையைத்தான் எழுதுகிறேன் என்று சொன்னேன், அதனால் இதையும் எழுதுகிறேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் சரோஜம்மாள் கூப்பிட்டது கேட்டது. கத்தவில்லை. பக்கத்தில் நிற்கிறவனிடம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"தம்பி, இன்னொண்ணு இருக்குதுப்பா."

நான் நிற்கவில்லை.

ரோட்டுக்கு வந்தபோது 9.10. புளி மூட்டை ஏற்றின லாரி ஒன்று நிறுத்தி ஏற்றிக்கொண்டது. வீட்டுக்கு வந்து ஈரத் துணியோடு படுத்தவன் நான்கு நாள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இறங்கியது. வலது கையில் மட்டும், முழங்கையிலிருந்து விரல் வரை, சூடு இறங்கவில்லை. இன்றைக்கும் இறங்கவில்லை. மார்கழிக் குளிரிலும் அந்தக் கை சுடும். டாக்டர்கள் நரம்பு என்றார்கள்.

ஒரு வாரம் கழித்துச் சென்றாயன் என் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே பேசினான்.

நாங்கள் வெளியே வைத்த தந்தம் காலையில் இல்லை. கோவிந்தப்பன் ஆள் விட்டு வயல் முழுக்கத் தேடினாராம். நான் திருடிவிட்டேன் என்று போலீசுக்குப் போகவும் கிளம்பினாராம். அப்புறம் ஏனோ போகவில்லை. இன்னொரு தந்தம் நிலைப்படியில் கிடந்ததாம், பாதி உள்ளே, பாதி வெளியே. அதைக் கட்டிப் பிடித்தபடி சரோஜம்மாள் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது.

"ராத்திரியெல்லாம் அம்மா ஒருத்தரே இழுத்தாங்க மேஸ்திரி. தரையில தேய்க்கிற சத்தம் வயல் வரைக்கும் கேட்டுச்சு. நாலு மணி இருக்கும், அப்பத்தான் நின்னுச்சு."

"நீ போகலையா?"

"நீங்க ஓடுறதப் பாத்தேன். எனக்கு எங்கிருந்து தைரியம் வரும்?"

அந்தம்மா அதற்குப் பிறகு யாரிடமும் பேசவில்லையாம். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிவிட்டார்கள். நிலைப்படியில் கிடந்த தந்தத்தைக் கோவிந்தப்பன் மறுநாளே பெங்களூருக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டார். வாங்கினவன் அங்கேயே ரம்பத்தால் அறுத்தானாம். வளையல், சீப்பு, கண்ணாடி அலமாரியில் வைக்கிற சின்னச் சின்ன யானை பொம்மை எல்லாம் செய்ய.

போவதற்கு முன்னால் சென்றாயன் குரலைத் தாழ்த்தினான்.

"ஏலமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எசமான் ராகிக்கு வந்த யானையச் சுட்டாரு. விழுந்துச்சு. அன்னிக்கு லாந்தர் புடிச்சது நாந்தான். கோடாலி போடறப்ப அதுக்கு மூச்சு இருந்துச்சு. நான் சொன்னேன். கோடாலி வெச்சிருந்தவனப் பாத்து, சீக்கிரம் வெட்டுடான்னாரு. காலையில புதைக்கலாம்னு மம்பட்டியோட போனா..."

"போனா?"

"யானையக் காணோம்."

அதற்கப்புறம் பதினொரு வருடம் இதைப் பற்றி யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. பட்டறையை மூடினேன். ஓசூரில் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. இரும்பு உருக்கி வார்க்கிற ஒரு வார்ப்பாலையில் மர அச்சு செய்கிற பிரிவில் சேர்ந்தேன். அங்கே கேட்டில் காவலுக்குத் திம்மப்பன் என்று ஒருவர் வந்தார். அறுபது வயது. காட்டிலாகாவில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யானைப் பேச்சு வந்தது. அவர் பார்த்ததிலேயே மறக்க முடியாத யானை எது என்று யாரோ கேட்டார்கள்.

"அஞ்செட்டிக் காட்டுல ஒண்ணு," என்றார். "ரெண்டு தந்தத்தையும் யாரோ வெட்டிட்டாங்க. மூஞ்சியெல்லாம் புண்ணு. மூணு வாரத்துப் புண்ணு. ஆனாலும் சாகல. ரெண்டு நாளா பின்னாலயே போனோம். குழந்தைகள் தினத்தன்னிக்கு விழுந்துச்சு. எம் மகளுக்கு ஸ்கூல்ல அன்னிக்குப் பரிசு கொடுத்தாங்க, என்னால போக முடியல, அதான் ஞாபகம். அறுபத்தெட்டாம் வருசம்."

குழந்தைகள் தினம். நவம்பர் பதினாலு. அஞ்செட்டிக்கும் சானமாவுக்கும் முப்பது மைலுக்கு மேல். நான் சோற்றில் கை வைத்தபடியே இருந்தேன்.

"விழுந்து முனகிக்கிட்டே இருந்துச்சு. இருட்டுல பக்கத்துல போக முடியுமா? தள்ளி நெருப்பு போட்டு உக்காந்துட்டோம். ராத்திரி ஒம்பது மணி வாக்குல முனகல் நின்னுச்சு. செத்துப்போச்சுன்னு நெனச்சோம். சாகல. அப்புறந்தான் ஒரு சத்தம். தும்பிக்கையால தரையைத் தேய்க்கிற சத்தம். சர்ர்... சர்ர்... விடியக்காலை நாலு மணி வரைக்கும். அப்புறம் அதுவும் நின்னுச்சு."

"காலையில போய்ப் பாத்தீங்களா?" நான்தான் கேட்டேன்.

"பாத்தோம். வாய்க்கு வலப்பக்கம் ஒரு தந்தம் இருந்துச்சு. யாரு கொண்டாந்து வெச்சாங்க, எப்படி வந்துச்சு, ஒண்ணும் தெரியல. அதுல வயல் சேறு. அங்க சுத்துவட்டாரத்துல வயலே கிடையாது."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். இடப்பக்கம் ஒண்ணும் இல்ல. ஆனா அந்தப் பக்கம்தான் தும்பிக்கை நீட்டிக் கெடந்துச்சு." திம்மப்பன் தன் கையை மேசைமேல் இடது பக்கமாக நீட்டி, மெதுவாக முன்னும் பின்னும் இழுத்துக் காட்டினார். "அந்த எடத்துல புல்லு இல்ல, கல்லு இல்ல. ராத்திரி பூரா தடவித் தடவி, மெழுகின தரை மாதிரி ஆக்கி வெச்சிருந்துச்சு."